காணாமல் போன எட்டாவது அடி

ஜனவரி 11

தங்கப்பாறை மெல்லிசைக் குழுவின் நிரந்தரத் தாளச் சக்கரவர்த்தியும், பொன்மலை முதல் மணப்பாறை வரை ஏறிய மேடையெல்லாம் பலகை பெயர்த்தவனும், ஐம்பத்தேழு வயதுவரை ஒரு தடவைகூடத் தாளம் தப்பாதவனுமாகிய டிரம்ஸ் இன்னாசிமுத்து எனும் நான் சத்தியமாக எழுதிக்கொள்வது: இந்த டைரியில் வரப்போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை. நம்புகிறவர் யாராவது இருந்தால் அவரையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எழுதச் சொன்னதே டாக்டர்தான். முபீனா என்று பெயர். காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், வலது காதுல நரம்பு சோர்ந்து போயிருக்கு. ஆறு வாரத்துக்கு டிரம்ஸ் பக்கமே போகாதீங்க. காதுக்குள்ள விசில் எப்ப கேக்குது, எவ்வளவு நேரம் கேக்குதுன்னு தெனமும் எழுதிட்டு வாங்க."

"விசில் முப்பத்தஞ்சு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கு டாக்டர். ஜனங்க அடிக்கிறது. அதையும் எழுதணுமா?"

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டையும் எழுதுங்க" என்றார்.

இது போன வருஷத்து சிமென்ட் கம்பெனி டைரி. தேதி சரியாக இருக்கும். கிழமை ஒருநாள் பின்னால் வரும். என்னோடு வாசித்த கிடார்காரர்கள் எல்லோரும் அப்படித்தான், பழகிவிட்டது.

விசில்: இல்லை.

ஜனவரி 12

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. தட்டினேன். ஓடியது. என் கை அப்படி.

என் மனைவி லூர்து கடைக்குப் போகும்போது, "குக்கர் மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றும் வந்த பிறகுதான் அணைத்தேன். பருப்பு கரியானதற்குப் பருப்புதான் பொறுப்பு.

விசில்: இல்லை.

ஜனவரி 15

பொங்கல். டாக்டர் சொன்னபடி நான் டிரம்ஸ் பக்கமே போகவில்லை. அது ரயில்வே காலனி மைதானத்து மேடையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. கால் வலிக்கிறதே என்று அதில் உட்கார்ந்தேன். பிறகு நடந்தது மூன்றேகால் மணி நேரம்.

என் பேஸ் டிரம் சத்தத்தைப் புயல் என்று நினைத்து நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.

கடைசிப் பாட்டு எப்போதும்போல அந்தப் பழைய சினிமா வண்டிப் பாட்டுதான். படம் மூன்று நாள் ஓடியது. பாட்டு முப்பத்தைந்து வருஷமாக ஓடுகிறது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் மற்ற வாத்தியமெல்லாம் நின்றுவிடும். டிரம்ஸ் மட்டும் தனியாக எட்டு அடி அடித்துப் பாடகரைத் தூக்கிவிட வேண்டும். உலகத்துக்கெல்லாம் எட்டு. எங்கள் குழுவில் ஏழு. எட்டாவதற்காகக் கூட்டம் காலைத் தூக்கி வைத்திருக்கும்போதே பாடகர் பாய்ந்துவிடுவார். ஆயிரம் பேர் ஒரு கணம் அந்தரத்தில் தொங்குவார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இரண்டு தலைமுறை அந்த ஏழில்தான் ஆடக் கற்றது. ஒரு தடவை வெளியூர்க் குழு ஒன்று வந்து எட்டாக அடித்தது. "தப்பு, தப்பு" என்று கத்தி ஜனங்கள் அவர்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

எட்டாவது அடி எங்கே போயிற்று? 1989 திருவிழாவில் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த யானை அதைத் தும்பிக்கையால் உறிஞ்சிவிட்டது. பாகன் சாட்சி. பாகன் இப்போது உயிரோடு இல்லை.

விசில்: கூட்டத்தில் ஏகப்பட்டது. காதுக்குள்: இல்லை.

ஜனவரி 19

தில்லைநகரில் நான் பதினோரு வருஷமாக டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கும் நாதவீதி இசைப் பள்ளியில் இன்று அரசாணை. பள்ளியை நடத்தும் நவநீதனுக்கு முப்பத்துநான்கு வயது. கீபோர்டு வாசிப்பான். பேசும்போதுகூட விரலால் மேஜையில் ஏதாவது அமுக்கிக்கொண்டே இருப்பான்.

"மாஸ்டர், இனிமே டீச்சர்ஸ் எல்லாருக்கும் சர்டிபிகேட் வேணும். குறைஞ்சது அஞ்சாவது கிரேடு. பிப்ரவரி இருபத்திரண்டு எக்ஸாம், நம்ம ஸ்கூல்லயே வந்து நடத்துறாங்க. பேரன்ட்ஸ் கேக்குறாங்க மாஸ்டர்."

"தம்பி, அந்தப் பேரன்ட்ஸ் பாதிப் பேரு என் கச்சேரியில பாத்துப் பழகிக் கல்யாணம் பண்ணினவங்கதானே?"

"அதையெல்லாம் வெப்சைட்ல போட முடியாது மாஸ்டர்."

"பாஸ் பண்ணலேன்னா?"

மேஜையில் ஒரு சோக ராகத்தை அமுக்கினான். "ஏப்ரல்லேருந்து கிளாஸுக்கு வேற ஆளைப் பாக்கணும். பெங்களூர்ல ஒரு பையன் இருக்கான். எட்டாவது கிரேடு."

நான் பிறப்பிலேயே எண்பதாவது கிரேடு. ஆனாலும் எழுதுகிறேன் பரீட்சை. என் மாணவி வைரமணி மேடமும் அதே நாளில் அதே பரீட்சைதான். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. கேஸ் எழுதாமல் எதையாவது அடிக்க வேண்டும் என்று முப்பத்திரண்டு வருஷம் ஆசைப்பட்டிருந்தாராம். குருவும் சிஷ்யையும் ஒரே பெஞ்சில்.

விசில்: இல்லை.

ஜனவரி 22

பரீட்சையில் மூன்று உருப்படி. இரண்டு அவர்கள் கொடுக்கும் பாட்டு. பதிவு ஓடும், நாம் கூடவே வாசிக்க வேண்டும். மூன்றாவது நம் சொந்தப் படைப்பு.

பதிவில் இடது பக்கம் பாட்டும், வலது பக்கம் தாளம் காட்ட "டிக், டிக்" என்று ஒரு சத்தமும் வருமாம். வைரமணி மேடம் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, "மரங்கொத்தி மாதிரி கொத்துது மாஸ்டர்" என்றார். நானும் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கொடுத்த ஹெட்போனில் அந்த மரங்கொத்தியை யாரோ சுட்டுவிட்டார்கள். இரண்டாவது ஹெட்போனிலும். மூன்றாவதிலும். இந்தப் பள்ளிக்குப் பொருள் வாங்குகிற ஆளை மாற்ற வேண்டும்.

விசில்: இல்லை.

ஜனவரி 26

காலனிக் கொடியேற்றத்தில் ஸ்நேர் டிரம் வாசித்தேன். கொடி தானாகவே ஏறியது.

ஜனவரி 30

சாப்பாட்டு மேஜையில் முப்பது வருஷமாக என் வலப்பக்கம் உட்கார்ந்தவள் லூர்து. இன்று நாற்காலியைத் தூக்கி இடப்பக்கம் போட்டுக்கொண்டாள்.

"என்ன திடீர்னு?"

"அந்தப் பக்கம் காத்து வரல."

இந்தப் பக்கம் ஜன்னலே இல்லை. பொம்பளைகள் சொல்வதற்கெல்லாம் காரணம் தேடக் கூடாது. மீன் குழம்பு அருமை.

விசில்: இல்லை.

பிப்ரவரி 3

மனித குலத்துக்கு நான் அளிக்கும் கண்டுபிடிப்பு: காதில்லாமல் கேட்பது. ஒரு சின்ன ஸ்பீக்கரை ஸ்டூலுக்கு அடியில் கம்பியால் கட்டினேன். மரங்கொத்தியை அதற்குள் விட்டேன். ஒவ்வொரு டிக்கும் நேராக ஆசனத்தில் வந்து குத்தியது. இரண்டு பாட்டையும் முழுதாக, ஒரு இழை பிசகாமல் வாசித்தேன். உலகத்தில் இதுவரை பின்பக்கத்தால் தாளம் கேட்ட வித்வான் நான் ஒருவன்தான்.

எனக்குக் காது கேட்காததால் இதைச் செய்யவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். காதுகளுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னது டாக்டர்.

விசில்: இல்லை.

பிப்ரவரி 6

சொந்தப் படைப்பு முடிந்தது. பெயர் 'விரற்கடை', அதாவது ஒரு விரல் அகலம். எட்டு அடியில் ஆரம்பிக்கும். அடுத்த சுற்று ஏழு. அடுத்தது ஆறு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடி கழன்று விழுந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு அடி. அதற்குப் பிறகு ஒரு அடி நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மாவும் படைப்பில் சேர்த்திதான்.

லூர்துவிடம் வாசித்துக் காட்டினேன். அடுக்களை டப்பாக்கள் மீதுதான், சத்தியமாக டிரம்ஸ் இல்லை. கடைசி அடிக்குப் பிறகு அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "அய்யோ, எவ்வளவு அமைதியா இருக்கு" என்றாள்.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 9

நவநீதன் 'விரற்கடை' கேட்டான். விரல் மேஜையில் எட்டு அமுக்கியது. நான் ஏழில் போய்விட்டேன். அவன் விரல் தனியாக நின்றது.

"மாஸ்டர், ரெண்டாவது சுத்துலயே ஒரு பீட் விழுந்துடுச்சு. எக்ஸாமினர் தப்புன்னு போடுவாரு. எல்லாத்தையும் எட்டாக்கிடுங்க. சேஃப்."

"விழல தம்பி. எடுத்திருக்கேன்."

"ரிஸ்க் எடுக்காதீங்க. உங்க வேலை சம்பந்தப்பட்டது."

"என் வேலை சம்பந்தப்பட்டதுனாலதான் எடுத்தேன்."

மாற்ற மாட்டேன். இந்த ஊர் முப்பத்தைந்து வருஷம் அந்த ஏழில் குதித்திருக்கிறது. ஒரு பரீட்சைத் தாளுக்காக அத்தனை பேருடைய காலையும் நான் திருத்துவதா?

பிப்ரவரி 13

இன்று என்னைக் காவல்துறை விசாரித்தது.

வைரமணி மேடம் பாடம் முடிந்து எழுந்தார். எங்கேயோ பின்னால் போனார். பிறகு என் முன்னால் வந்து நின்று, "மாஸ்டர், இப்ப என்ன சொன்னேன்?" என்றார்.

"நாளைக்கு வரமாட்டேன்னு சொன்னீங்க."

"உங்க ஸ்டூலுக்கடியில பாம்புன்னு மூணு தடவை சொன்னேன்."

"பாம்புக்கெல்லாம் நான் அசையுறதில்ல மேடம்."

அவர் என் காலைப் பார்த்தார். "முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷன்ல இருந்தவ நான். பொய் சொல்றவன் மொகத்தை எப்படி வேணா வச்சுக்குவான், காலை வச்சுக்க முடியாது. நீங்க புளுகும்போதெல்லாம் இடது கால் ஹை-ஹாட்டை மூடுது மாஸ்டர். இப்பவும் மூடியிருக்கு."

பார்த்தேன். கால் மிதியை அமுக்கியிருந்தது, ஹை-ஹாட்டின் இரண்டு தட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"சரி, சின்னக் கேஸ்லேருந்து ஆரம்பிப்போம். எட்டாவது அடி எங்க போச்சு? யானை வேணாம்."

சொல்லிவிட்டேன். 1988. அந்த வண்டிப் பாட்டின் கேசட் ஊரிலேயே ஒன்றுதான், அது எங்களிடம் இருந்தது. டேப் ரிக்கார்டர் நாடாவைத் தின்றுவிட்டது. பென்சிலால் சுற்றி இழுத்தேன், கசங்கிய இடம் அறுந்தது. அதை ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, செலோடேப் போட்டு ஒட்டினேன். அந்த விரற்கடையில்தான் எட்டாவது அடி இருந்தது. எனக்கு அது தெரியாது. கேசட்டில் எப்படிக் கேட்டதோ அப்படியே பாடம் பண்ணினேன், குழு முழுவதற்கும் சொல்லிக்கொடுத்தேன். படம் டிவியில் வந்தபோதுதான் எட்டு என்று தெரிந்தது. அதற்குள் ஊரே ஏழில் ஆடிக்கொண்டிருந்தது.

மேடம் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "காணாம போனதுக்குப் புகார் குடுத்தீங்களா?"

"குடுக்கல. இல்லாததை வச்சே வாசிக்கப் பழகிட்டோம்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நான் கேக்க வந்தது அந்தக் கேஸ் இல்ல மாஸ்டர்" என்றார்.

நான் ஸ்டிக்கை எடுத்து மேஜையில் நான்கு தட்டி அடுத்த பாடத்தை ஆரம்பித்தேன். அடுத்த பாடம் என்று ஒன்று இல்லை.

விசில்: இல்லை.

பிப்ரவரி 21

நாளை. சட்டை தேய்த்தாயிற்று. ஸ்பீக்கருக்குப் புதுக் கம்பி போட்டாயிற்று. ஆறு வாரம் முடிகிறது. டாக்டர் முபீனா ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "ராங் நம்பர்" என்றேன்.

பிப்ரவரி 22

பரீட்சை வரலாறு:

பள்ளி வாசலில் ஆறாயிரம் பேர். குதிரைப் போலீஸ். சென்னையிலிருந்து வந்த தேர்வாளருக்குத் தாடி முழங்கால் வரை, பட்டங்கள் ஏழு. அவர் என் சிம்மாசனத்தைச் சோதனையிட்டு, அடியில் இருந்த ஸ்பீக்கரைப் பறிமுதல் செய்தார். "வெளி ஸ்பீக்கர் கூடாது சார். ஹெட்போன் மட்டும்தான்."

ஹெட்போனில் இடம், வலம் என்று இங்கிலீஷில் இரண்டு பெரிய எழுத்து. நான் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இடத்தில் வலம், வலத்தில் இடம். "சார், மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார். உடனே எழுந்து நின்று முழங்கினேன்: தங்கப்பாறை ராஜவம்சத்தில் முடிசூட்டு விழாவில் கிரீடத்தைத் திருப்பித்தான் வைப்பது, அந்த உரிமையை எந்தச் சாம்ராஜ்யத்துக்கும் நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை என்று. தேர்வாளர் கண்ணீர் விட்டார். அனுமதித்தார்.

மரங்கொத்தி இடது காதில் உயிரோடு வந்து உட்கார்ந்தது. இரண்டு பாட்டையும் வாசித்தேன். ஜன்னல் கண்ணாடி நான்கு போயிற்று. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு 'விரற்கடை'. எட்டு, ஏழு, ஆறு என்று கழன்று கழன்று ஒன்றில் வந்து நின்றேன். கடைசி அடி. அதற்குப் பிறகு அந்தச் சும்மா. தேர்வாளரின் பேனா அப்படியே நின்றது. அறை முழுக்க அமைதி என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்.

கதவு திறந்துதான் இருந்தது. அடுத்து தன் முறைக்காக வைரமணி மேடமும், அவர் பக்கத்தில் நவநீதனும் நின்றிருந்தார்கள். நவநீதன் முகத்தைப் பற்றி எழுத இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

விசில்: இல்லை.

மார்ச் 2

நவநீதன்: "ரிசல்ட் வரட்டும் மாஸ்டர், பேசிக்கலாம்." விரல் மேஜையில் எதையும் அமுக்கவில்லை.

மார்ச் 7

பெங்களூர்ப் பையன் பள்ளியைப் பார்க்க வந்தான். நல்ல பையன். என் ஸ்டூலின் உயரத்தைக் குறைத்தான். அவன் போனதும் ஏற்றிவைத்தேன்.

மார்ச் 14

பாஸ். நூற்றுக்கு எண்பத்தாறு. வைரமணி மேடத்துக்கு எண்பத்தெட்டு. பள்ளி முழுக்க மிட்டாய் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு கொடுத்து, "கொறஞ்சதை ஈடு கட்டிக்கோங்க மாஸ்டர்" என்றார். முப்பத்திரண்டு வருஷம் திருடர்கள் இவரிடம் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

தேர்வாளர் என் தாளில் எழுதியிருந்தது: "சொந்தப் படைப்பில் அடிகளைத் துணிந்து கைவிட்டிருப்பது ஆழ்ந்த சிந்தனையின் விளைவு." அந்தச் செலோடேப்புக்கு ஒரு மாலை போட வேண்டும்.

மத்தியானம் நவநீதன் என் வகுப்புக்கு வந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன், சுற்றி வந்து என் இடப்பக்கம் நின்றான்.

"ஏப்ரல் டைம்டேபிள் மாஸ்டர். உங்க பேருதான் போட்டிருக்கேன். அந்தப் பையனுக்கு சனி ஞாயிறு குடுக்கலாமா?"

"குடு. என் ஸ்டூலைத் தொடக் கூடாதுன்னு எழுதிக் குடு."

"சரி மாஸ்டர்." டைம்டேபிளை மடித்தான். "டாக்டரைப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

என் காலைப் பார்த்தான். இந்த வைரமணி மேடம் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

மார்ச் 16

டாக்டரம்மா,

நாளை காலை இந்த டைரியோடு வருகிறேன். அதற்குமுன் சில விஷயம்.

டிரம்ஸை நிறுத்த மாட்டேன். கருவி மாட்டச் சொன்னால் மாட்டுகிறேன். நல்ல காதுக்கு அடைப்பான் கொடுத்தால் போட்டுக்கொள்கிறேன். மாத்திரை எழுதினால் கசப்பு பார்க்காமல் முழுங்குகிறேன். ஸ்டிக்கை மட்டும் கேட்காதீர்கள். தர மாட்டேன். வைரமணி மேடத்துக்கு அடுத்து ஆறாவது கிரேடு, அதில் நான் அவரைவிட மூன்று மார்க்காவது கூட வாங்கியாக வேண்டும்.

நான் எழுதியதை நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். சரிதான். யானை பொய். துறைமுகத்தில் எந்தக் கூண்டும் ஏற்றவில்லை. பரீட்சை வாசலில் ஆறாயிரம் பேர் இல்லை. ஒரு நாய் இருந்தது. தேர்வாளருக்குத் தாடியே கிடையாது, அவர் அழவும் இல்லை. ஜன்னல் கண்ணாடியும் உடையவில்லை. தங்கப்பாறை ராஜவம்சம் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஒரே ஒரு சின்ன இடம் நிஜம். ஹெட்போனைத் திருப்பிப் போட்டேன் என்று எழுதினேனே, அது.

அந்த வழி எனக்கு முதல் நாளே தெரியும் டாக்டரம்மா. மூன்று ஹெட்போனை மாற்றிப் பார்த்தவனுக்கு ஒன்றைத் திருப்பிப் பார்க்கவா தெரியாது? திருப்பினால் ஏன் என்று கேட்பார்கள். அதற்காகத்தான் ஸ்டூலுக்கு அடியில் கம்பி கட்டினேன்.

தேர்வாளர் கேட்டார். "ஏன் சார் மாத்திப் போட்டிருக்கீங்க?"

வாய்க்குள் யானை வந்து நின்றது. ராஜவம்சமே வரிசையில் நின்றது. வாசலில் நவநீதன். பக்கத்தில் வைரமணி மேடம் என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹை-ஹாட் இறுக மூடியிருந்தது. காலை எடுத்தேன். தட்டு திறந்தது.

"இந்தக் காது கேக்காதுங்க."

"அப்படியா சார்? சரி, அப்படியே போட்டுக்குங்க. ஆரம்பிக்கலாமா?"

அவ்வளவுதான். இதற்குத்தான் நான் ஆறு வாரம் பயந்தேன்.

இன்னொன்று. 'விரற்கடை' முடியும்போது வருகிற அமைதியை எல்லோரும் பாராட்டுகிறார்கள். வாசித்தவன் மட்டும் அதை இன்னும் கேட்கவில்லை.

விசில்: ஜனவரி 11-இலிருந்து, நிற்காமல்.